6 வோல்ட் வண்டியும் 12 வோல்ட் பேட்டரியும்

அமெரிக்காவில் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12-க்கு மாறியது இன்ஜினுக்காக. நம் ஊரில் மாறியது பல்புக்காக. பழைய செவர்லே, ஃபோர்டு வண்டிகளுக்கு ஒயரிங் பார்த்தே காலம் தள்ளியவன் என்பதால் இதை அடித்துச் சொல்வேன்.

1912 காடிலாக்கில்தான் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. இன்ஜினைச் சுற்ற 24 வோல்ட், விளக்குக்கு 6 வோல்ட் என்று அதில் இரட்டை ஏற்பாடு. அந்தத் தலைவலி நிலைக்கவில்லை. மூன்று செல், 6 வோல்ட் பேட்டரி என்பதே அங்கே வழக்கமாகிவிட்டது. 1949-ல் காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் அதிகக் கம்ப்ரஷன் உள்ள வி-8 இன்ஜினைக் கொண்டுவந்தன. அதைச் சுற்ற 6 வோல்ட் செல்ஃப் முக்கி முனகியது. 1953-ல் அந்த இரண்டும் 12 வோல்ட்டுக்குப் போயின. செவர்லே 1955-லும் ஃபோர்டு 1956-லும் பின்தொடர்ந்தன.

இங்கே நடந்தது வேறு. உற்பத்தித் திட்டம் இல்லாமல் வெறும் அசெம்பிளி மட்டும் செய்த கம்பெனிகளுக்கு 1953-க்குப் பிறகு இந்தியாவில் இடமில்லை. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. பிறகு ரோட்டை நிறைத்த அம்பாசடர், ஃபியட், நம் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு எல்லாமே 12 வோல்ட். 1961-ல் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியதும் 12 வோல்ட் டைனமோவும் செல்ஃபும் உள்ளூர்ச் சரக்காகிவிட்டன. 6 வோல்ட்டில் மிஞ்சியது மோட்டார் சைக்கிள் பல்புதான். டெயில் லைட்டுக்கு அது போதும், ஹெட்லைட்டுக்கு எங்கே போவது? பழைய ஜீப்பும் செவர்லேயும் வைத்திருந்தவர்கள் 12-க்கு மாறியதற்குக் காரணம் இந்த ஹெட்லைட்தான்.

மாற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது எர்த். செவர்லேயில் பேட்டரியின் நெகட்டிவ் பாடியில் இருக்கும். அந்தக் கால ஃபோர்டில் பாசிட்டிவ். இதைத் திருப்பினால் செல்ஃபும் தலைகீழாகச் சுற்றுமா என்று கேட்காத ஓனர் கிடையாது. சுற்றாது. ஃபீல்டு காயிலிலும் ஆர்மேச்சரிலும் கரன்ட் ஒருசேரத் திரும்புவதால் சுற்றும் திசை மாறாது. ஆம்ப் மீட்டர் ஒயரையும் இக்னிஷன் காயில் ஒயரையும் மட்டும் மறக்காமல் மாற்றிப் போட வேண்டும்.

6 வோல்ட் செல்ஃபை அப்படியே விட்டுவிடலாம். சில விநாடிதானே ஓடுகிறது! வேகமாகச் சுற்றும், பென்டிக்ஸ் கொஞ்சம் அடி வாங்கும், அவ்வளவுதான். 6 வோல்ட் இக்னிஷன் காயிலை அப்படியே விட்டால் மட்டும் பாயின்ட் தீய்ந்துபோகும். பெட்ரோல் மீட்டருக்கு ஒரு ரெசிஸ்டர் வேண்டும், இல்லையென்றால் ஒன்று பொய் சொல்லும், அல்லது எரிந்தே போகும். வால்வு ரேடியோவைப் பலர் கழற்றி அட்டத்தில் போட்டார்கள். அம்பாசடர் டைனமோவைப் பொருத்தும்போது அதன் புல்லி மெல்லிய பெல்ட்டுக்கானது, செவர்லே பெல்ட்டோ அகலம். லேத்துக்காரர் தயவில்லாமல் அந்த வேலை முடியாது.

இதற்கெல்லாம் செலவு செய்ய மனமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. அப்போதைய பேட்டரி கறுப்பு ரப்பர் பெட்டி. மேலே தார் ஊற்றி மூடியிருக்கும், செல்களை இணைக்கும் ஈயப் பட்டைகள் வெளியே தெரியும். எர்த் பக்கத்திலிருந்து மூன்று செல் தள்ளி, அந்தப் பட்டையில் ஒரு ஸ்க்ரூவை இறக்கி ஒயர் எடுத்தால் 6 வோல்ட். ஹார்னுக்கும் மீட்டருக்கும் அதுவே போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்று செல் மட்டும் கூடுதலாக உழைத்து எப்போதும் அரைச் சார்ஜில் கிடக்கும். மற்ற மூன்றும் ஓவர் சார்ஜில் கொதித்துத் தண்ணீர் வற்றும். பேட்டரி சீக்கிரமே போய்விடும். பிறகு எல்லாப் பக்கமும் மூடிய பிளாஸ்டிக் பேட்டரி வந்தது, அந்தக் கைவேலையும் ஒழிந்தது. நல்லதுதான்.

இப்போது பழைய வண்டி வாங்கும் இளைஞர்கள் 6 வோல்ட்டைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள். வண்டி மீது பழி போடுவதற்குமுன் கேபிளைப் பாருங்கள். 45 வாட் ஹெட்லைட் 12 வோல்ட்டில் 3.75 ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் 7.5. கரன்ட் இரட்டிப்பானால் ஒயரில் வீணாகும் சக்தி நான்கு மடங்கு. அதனால்தான் கம்பெனிக்காரன் தடித்த கேபிள் போட்டிருந்தான். அதைப் பிடுங்கிவிட்டு, கடையில் கிடைத்த 12 வோல்ட் வண்டிக் கேபிளை யாரோ மாட்டியிருப்பார்கள். செல்ஃப் முனகாமல் என்ன செய்யும்? என் கைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்.

ஆகவே முதலில் விரல் தடிமன் கேபிளாகப் போடுங்கள். எர்த் போல்ட்டின் அடியில் இருக்கும் பெயின்ட்டையும் துருவையும் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். அதற்குப் பிறகும் விளக்கு மங்கினால் தாராளமாக 12-க்கு மாறுங்கள். கழற்றிய டைனமோவையும் கட்-அவுட்டையும் மட்டும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்து வாங்குபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.