நெற்றியில் வலி, பிடரியில் வேர்

அபிராமத்தில் அப்பத்தாவுக்குத் தலைவலி வந்தால் முதலில் அமிர்தாஞ்சன்தான். 1893-ல் பம்பாயில் நாகேஸ்வர ராவ் தொடங்கிய தைலம். சில நாள் அதுக்கும் கேக்காது. "பிடரியில அமுக்குடா" என்பார். மண்டையோடு முடியும் இடத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினால், கண்ணுக்கு மேல் இருந்த வலி இறங்கும். கழுத்தை அமுக்கினா நெத்தி வலி எப்படிப் போகும்? ரொம்ப நாள் கேள்வி இது.

சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என்று அதில் ஒன்பது வகை. ஆக, கைவைத்தியம் நமக்குப் பழசு. ஆனால் கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலிக்கு இன்றைய மருத்துவப் பெயர் கிடைத்தது 1983-ல்தான். வைத்தவர் நார்வே நரம்பியலாளர் ஒட்டார் ஷோஸ்டாட். கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும் முகத்தின் முக்கிளை நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. வலி எந்த வாசல் வழியாக வந்தது என்று மூளைக்குக் குழப்பம். கழுத்து மூட்டு நோக, நெற்றி வலிக்கிறது.

ஊசி வந்த கதை வேறு. 1938-ல் சீனப் போர்முனைக்குப் போன ஐந்து இந்திய டாக்டர்களில் கோட்னிஸை எல்லோருக்கும் தெரியும், 1942-ல் அங்கேயே இறந்துவிட்டார். உடன் போன பி.கே. பாசுவைப் பலர் மறந்துவிட்டோம். 1950களின் கடைசியில் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்று, கல்கத்தாவில் அதைத் தொடங்கியவர் அவர். சீன முறையில் தலைவலிக்கு ஊசி போடும் முக்கியமான இடங்களில் ஒன்று 'ஃபெங் சீ'. மண்டையோட்டுக்குக் கீழே, பிடரித் தசைக்குப் பக்கத்துப் பள்ளம். அப்பத்தா காட்டிய இடம்தான், ஏறக்குறைய! 1979-ல் செக் மருத்துவர் காரல் லெவிட் இன்னொன்று எழுதினார்: தசைவலிக்கு மருந்து ஏற்றாமல் வெறும் ஊசி குத்தினாலே, சரியான இடத்தில் பட்டால், வலி குறைகிறது.

2002-ல் ஆஸ்திரேலியாவில் க்வென் ஜல் குழு, இந்தத் தலைவலி உள்ள 200 பேரிடம் சோதித்தது. கையால் மூட்டுகளைச் சரிசெய்த சிகிச்சையும் கழுத்துத் தசைப் பயிற்சியும் தலைவலியைக் குறைத்தன. ஒரு வருஷம் கழித்தும் பலன் நின்றது. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள், கழுத்தைச் சோதித்த பிறகு செய்த வேலை அது.

நம்ம சலூன்ல நடக்குறது அது இல்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் இரண்டு, கழுத்தெலும்புத் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பினால் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனா வந்திருக்கு. திடீரென்று வெடிப்பது போன்ற தலைவலி, கை மரத்துப்போவது, பேச்சுக் குழறல் என்றால் கையும் வேண்டாம் ஊசியும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

போன மாசமும் கேட்டார்கள், "அண்ணே, நெட்டி எடுக்கவா?"

"முடிய மட்டும் வெட்டு தம்பி" என்றேன்.