வான்கோழியும் வாய்க்குரலும்: அமெரிக்க வேட்டை வரலாற்றில் ஒரு நோக்கு

மயிலைக் கண்டு பாவனை செய்த வான்கோழியைத் தமிழர் மூதுரை வாயிலாக நன்கறிவர். இன்று அப்பெயரால் வழங்கும் பறவையின் தாயகமாகிய வட அமெரிக்காவிலோ, வான்கோழியைக் கண்டு மனிதன் பாவனை செய்த நெடிய வரலாறு ஒன்று உண்டு. பேட்டின் குரலை வாயினால் எழுப்பிச் சேவலை அருகே வரவழைக்கும் அவ்வேட்டைக்கலை, அப்பறவையினத்தின் அழிவோடும் மீட்சியோடும் பிணைந்துள்ளமையால் ஆராயத்தக்கதாகின்றது.

இக்கலையின் அடிப்படை பறவையின் இயல்பிலேயே அமைந்துள்ளது. இளவேனிற்காலத்து வைகறையில் சேவல் தான் உறங்கிய மரக்கிளையிலிருந்தே உரத்துக் கூவும். அதனைக் கேட்டுப் பேடு சேவலை நாடிச் செல்வதே பொதுவழக்கு. வேட்டைக்காரனோ இவ்வொழுங்கினைத் தலைகீழாக்கி, சேவல் பேட்டைத் தேடி வருமாறு செய்ய முயல்கிறான். குரலின் இடைவெளி பிழைப்பினும், அளவுக்கு மிஞ்சி அழைப்பினும் முயற்சி வீணாகலாம். எனவே பறவையின் மொழியைப் பொறுமையுடன் கற்றவனுக்கே இவ்வேட்டை கைகூடியது.

ஐரோப்பியர் குடியேறுமுன்னரே ஆதிக்குடிகள் வான்கோழியின் சிறகெலும்புகளைக் குழலாக்கிப் பயன்படுத்தினர். ஒன்றினுள் ஒன்று செருகப்பட்ட எலும்புகளினூடாகக் காற்றை உள்ளிழுத்தே இதில் ஒலி எழுப்பப்படும். குடியேறியோரும் இதனைக் கைக்கொண்டனர். சாள்ஸ் ஜோர்டன் என்ற வேட்டைக்காரரின் அனுபவக் குறிப்புகளைத் தழுவி எட்வேட் மக்கில்ஹெனி 1914 இல் வெளியிட்ட நூல், இக்கலையை எழுத்தில் நிலைபெறச் செய்தது. 20 ஆம் நூற்றாண்டில் பரவிய மற்றொரு கருவி வாயினுள்ளேயே அடங்குவது. குதிரைலாட வடிவச் சட்டகத்தில் மெல்லிய இறப்பர்த் தகடு இழுத்துப் பொருத்தப்பட்டிருக்கும். அதனை அண்ணத்தில் வைத்து நாவினால் அழுத்தி மூச்சை வெளிவிட ஒலி பிறக்கும். கைகள் அசையாதிருப்பதால், கூர்ந்த பார்வையுடைய பறவை வேட்டைக்காரனைக் கண்டுகொள்வது அரிதாயிற்று.

எனினும் கலை வளர்ந்த அதே காலத்திற் பறவை அருகியது. கொனெக்ரிக்கற்றில் 1813 இலும், மசாசூசெற்ஸில் 1851 இலும் காட்டு வான்கோழி அற்றுப்போயிற்று. காடழிப்பும் சந்தைக்கான கட்டற்ற வேட்டையுமே இதற்குத் தலையாய காரணங்களாகும். 1930களில் நாடு முழுவதும் ஏறத்தாழ 2 இலட்சம் பறவைகளே எஞ்சியிருந்தன என்பது பொதுவாக எடுத்தாளப்படும் மதிப்பீடு.

மீட்சிக்குச் சட்டமே வழிவகுத்தது. சட்டவிரோதமாகக் கொல்லப்பட்ட விலங்குகளை மாநிலங்களுக்கிடையே கொண்டுசெல்வதை 1900 ஆம் ஆண்டின் லேசி சட்டம் தடுத்தது. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை 1937 ஆம் ஆண்டின் பிற்மன்-றொபேட்சன் சட்டம் வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. பண்ணையில் வளர்த்து விடப்பட்ட பறவைகள் காட்டில் நிலைக்கவில்லை. 1950களிலிருந்து காட்டுப் பறவைகளையே வலைவீசிப் பிடித்து வெற்றிடங்களிற் குடியேற்றிய முறையே பயனளித்தது. பல மாநிலங்கள் இளவேனில் வேட்டையைச் சேவல்களுக்கு மட்டுப்படுத்தின. ஒரு சேவல் பல பேடுகளுடன் இணைவதால், பேடுகளைக் காத்துச் சில சேவல்களை வீழ்த்துவது இனப்பெருக்கத்தைப் பெரிதும் பாதிக்காதெனக் கருதப்பட்டது. இவ்வாறு, பேட்டின் குரலாற் சேவலை அழைக்கும் பழைய கலை, காப்புக்கு இசைந்த வேட்டைமுறையாக மாறியது. 21 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பறவைகள் 60 இலட்சத்தைத் தாண்டின.

ஆயினும் பின்னர்த் தென்மாநிலங்கள் பலவற்றில் மீண்டும் வீழ்ச்சி காணப்பட்டது. இனச்சேர்க்கைக்கு முன்னரே சேவல்கள் வீழ்த்தப்படுகின்றனவோ என்ற ஐயம் எழவே, அலபாமா, ரெனிசி முதலிய மாநிலங்கள் வேட்டைப் பருவத்தின் தொடக்கத்தைப் பின்தள்ளின.

சந்தைக்காக வேட்டையாடியவன் எழுப்பிய குரலும், சட்டத்துக்கமைய வேட்டையாடுபவன் எழுப்பும் குரலும் ஒன்றே. அழிவையும் மீட்சியையும் நிருணயித்தது அக்குரலன்று. காட்டையும் வேட்டையையும் குறித்துச் சமூகம் வகுத்த வரம்பேயாகும்.