தோட்டப்பாளையத்து மூஞ்சூறும் கிராந்துருக்கோட்டை விவசாயியும்

இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்றதும் நம்ம நாட்டில் எல்லோருக்கும் டெங்குதான் ஞாபகம் வரும். 2017இல் மட்டும் 186,000 பேருக்கு மேல் பீடித்த நோய், மறக்க ஏலாது. ஆனால் வைரசுகளால் உண்டாகும் இரத்தக்கசிவுக் காய்ச்சல்கள் பல. எபோலா, மார்பர்க், லாசா என்ற வரிசையில், எலிகளோடு வாழும் ஹன்டா வைரசும் ஒன்று. அதன் வரலாற்றில் ஒரு தமிழ் ஊரும், நமது பதுளை மாவட்டத்து ஊரொன்றும் இடம்பெறுகின்றன.

கதை கொரியாவில் தொடங்குவதாகவே பொதுவாகச் சொல்வார்கள். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில், ஐக்கிய நாடுகள் படையினர் 3,000 பேருக்கு மேல் இனந்தெரியாத காய்ச்சலில் விழுந்தார்கள். காய்ச்சல், தோலில் இரத்தப் புள்ளிகள், பிறகு சிறுநீரகம் செயலிழப்பு. காரணம் தெரிய கால் நூற்றாண்டு பிடித்தது. 1976இல் கொரிய விஞ்ஞானி லீ ஹோ-வாங், வயல் எலியின் நுரையீரலில் அந்த வைரசைக் கண்டார். அவ்வழியே ஓடும் ஹன்டான் ஆற்றின் பெயரே வைரசுக்கும் வந்தது.

ஆனால் அதற்குப் பன்னிரண்டு வருடம் முந்தியே இந்தக் குடும்பத்து வைரஸ் ஒன்று மனிதன் கையில் அகப்பட்டிருந்தது. 1964இல் வேலூரின் தோட்டப்பாளையம் பகுதியில் பிடிபட்ட ஒரு மூஞ்சூறிலிருந்து ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். நுளம்போ உண்ணியோ பரப்பும் வைரசாக இருக்கலாம் என்ற ஊகத்தோடு 1971இல் அதைப் பற்றி எழுதினார்கள். எந்த நோயோடும் சம்பந்தம் தெரியாததால் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. கொரியக் கண்டுபிடிப்புக்குப் பிறகு, 1980களில்தான் தோட்டப்பாளையம் வைரசும் ஹன்டாவின் உறவுதான் என்று விளங்கியது. அது மனிதருக்கு நோய் தருவதாக நிறுவப்படவில்லை. என்றாலும், முதலில் பிரித்தெடுக்கப்பட்ட ஹன்டா வைரஸ் என்ற இடம் அதற்கே. நமக்கு வேலூர் என்றால் கண்டியின் கடைசி மன்னன் சிறையிருந்த கோட்டை. இல்லாவிட்டால் வருத்தக்காரரைக் கொண்டுபோகும் ஆஸ்பத்திரி. இனி இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இலங்கையில் இதன் தடயத்தை வெளிக்கொணர்ந்தவர்களில் முக்கியமானவர் வைரஸ் ஆய்வாளர் திஸ்ஸ விதாரண. பிற்காலத்தில் அமைச்சராக நாம் அறிந்தவர். லீயோடு சேர்ந்து அவரும் சக ஆய்வாளர்களும் 1988இல் லான்செட் சஞ்சிகையில் இலங்கையின் ஹன்டா நோயைப் பற்றி எழுதினார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. எலிக்காய்ச்சலும் ஹன்டாவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் சிறுநீரகத்தைத் தாக்கும். எலிக்காய்ச்சல் பக்டீரியாவால் வருவது. சேற்று நீர் வழியாகக் காயத்தில் ஏறும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்குக் கட்டுப்படும். ஹன்டாவோ வைரஸ். எலியின் சிறுநீரும் எச்சமும் காய்ந்து தூசியாகி, மூச்சோடு உள்ளே போகும். அந்த மருந்து அதற்கு வேலை செய்யாது.

மகாவலிக் குடியேற்றப் பகுதியான கிராந்துருக்கோட்டை, பதுளை மாவட்டத்தின் வட எல்லையில் உள்ளது. காரணம் தெரியாத சிறுநீரக நோயால் விவசாயிகள் நொந்துபோன ஊர். பேராதனைப் பல்கலைக்கழகத்தினரும் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தினரும் கடந்த தசாப்தத்தில் அங்கே இரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். தாய்லாந்தில் பெருச்சாளியிடம் காணப்பட்ட ஹன்டா வகையை ஒத்த வைரசுக்கான எதிர்ப்புடல்கள், நோயில்லாதவர்களைவிடச் சிறுநீரக நோயாளிகளிடம் தெளிவாகவே அதிகம் இருந்தன.

இதை வைத்து, 'காரணம் கண்டாச்சு' என்று சொல்லிவிட ஏலாது. எதிர்ப்புடல் என்பது எப்போதோ வந்துபோன தொற்றின் அடையாளம் மட்டுமே. தண்ணீர், விவசாய இரசாயனம், வெயிலில் உடல் வற்றுதல் என்று வேறு காரணங்களும் ஆராயப்படுகின்றன. ஆனால் வயல் எலியோடு வாழ்கிற மனிதனின் பழைய காய்ச்சலொன்று அவனது சிறுநீரகத்தில் என்ன செய்தது என்று கேட்காமலும் இருக்க முடியாது. அந்தக் கேள்வியைத் தள்ளிவைத்தால் நட்டம் ஆய்வாளருக்கல்ல, இரத்தச் சுத்திகரிப்புக்குக் காத்திருக்கும் விவசாயிக்கே.

அந்த வயல்களிலிருந்து பெரகல மலை தூரந்தான். ஆனால் எலிக்குத் தூரம் என்ன? தோட்டத்து லயங்களில் கூரைக்கடியில் எலி. நம்மவர் கடைகளில் அரிசி, மாவு மூட்டைகளுக்குப் பின்னால் எலி. காய்ச்சல் வந்தால் 'சும்மா காய்ச்சல்தான்' என்று பெனடோல் போட்டுக்கொண்டு கொழுந்துக்குப் போவோர் இன்றும் உண்டு. பெயர் வைக்கப்படாத காய்ச்சல் கணக்கில் வராது. கணக்கில் வராத நோய்க்கு மருந்தும் வராது. கொரியாவில் இறந்தது படையினர் என்பதால் உலகம் தேடியது. வயலிலும் மலையிலும் இருப்பவர்களுக்காகத் தேடும்படி நாம்தான் கேட்க வேண்டும்.

கேட்கும்வரை செய்யக்கூடியவையும் உண்டு. பூட்டிக் கிடந்த களஞ்சியத்தைத் திறந்தவுடன் உலர்ந்த தூசியை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். கதவு யன்னலைத் திறந்துவிட்டு, குளோரின் கலந்த நீரைத் தெளித்து, ஈரத்தோடு துடைத்தெடுங்கள். காய்ச்சலோடு போனால் எலி நடமாட்டத்தை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரவில் பாத்திரங்களை மூடிவைக்கும்படி நபிகளார் (ஸல்) பணித்தது மத்ரஸாவில் ஓதும் பிள்ளைக்கும் தெரியும். அதற்குள் வைரசைத் தேட வேண்டியதில்லை. மூடிவைத்தால் போதும்.