கொடையாளரின் பக்கம்: ஒரகடம் தடத்தில் ஹெபடைட்டிஸ் சி பரிசோதனை

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1996-இல். அவ்வாண்டு ஜனவரியில்தான் 'காமன் காஸ்' வழக்கில் ரத்த வங்கிகளைச் சீர்ப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காசுக்கு ரத்தம் கொடுக்கும் வழக்கத்துக்கு 1998 தொடக்கத்தோடு தடை வந்தது. ஆலைக்கும் இந்த உத்தரவுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால், விற்றவர்கள் விலகிய இடத்தைத் தன்னார்வக் கொடையாளர்களைக் கொண்டு நிரப்ப வேண்டியிருந்த ரத்த வங்கிகளுக்குக் கல்லூரிகளும் ஆலைகளும் முகாம் போடத் தோதான இடங்களாயின. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் ஹெபடைட்டிஸ் சி வரலாற்றை மருத்துவமனையைவிட முகாமிலிருந்து பார்ப்பதே பொருத்தம் என்பது என் வாதம்.

ஏ-யும் அல்லாத, பி-யும் அல்லாத ஒரு கல்லீரல் அழற்சி ரத்தம் ஏற்றியவர்களுக்கு வருவதை 1970-களில் ஹார்வி ஆல்டர் குழு காட்டியது. 1989-இல் மைக்கேல் ஹௌட்டன் குழு அதற்குக் காரணமான ஹெபடைட்டிஸ் சி வைரஸை அடையாளம் கண்டது. இந்தியாவில் கொடை ரத்தத்துக்கு அந்த வைரஸுக்கான பரிசோதனையைக் கட்டாயமாக்கும் அறிவிக்கை 1997-இல் வந்தது. அது எங்கும் நடைமுறையாகச் சில ஆண்டுகள் பிடித்தன. நோக்கம் ரத்தம் பெறுபவரைக் காப்பது. தொற்றுள்ள பை கழிக்கப்படும். கொடுத்தவருக்கு? அன்றிருந்த சிகிச்சை, மாதக்கணக்கில் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். செலவும் பக்கவிளைவும் மிகுதி, குணம் உறுதியில்லை. ரத்தம் கொடுத்த தொழிலாளிக்குத் தொற்று இருக்கும் செய்தி பாரமாக மட்டுமே இருந்திருக்கும்.

கொடையாளர் சிகிச்சைக்கு வர இன்னொரு தடை நம்மூர்ப் பழக்கம். மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி. 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பரூக் பிளம்பர்க்குடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கைக்கு அறிவியல் மதிப்புத் தந்தது. ஆனால் அது ஹெபடைட்டிஸ் பி பற்றியது. பிற்காலச் சோதனைகள் பலவற்றில் அந்த விளைவு உறுதிப்படவில்லை. ஹெபடைட்டிஸ் சி-யோ பெரும்பாலும் கண்ணை மஞ்சளாக்காமலேயே பல்லாண்டுகள் கல்லீரலைச் சேதப்படுத்தும். விடுதிகளில் கூட்டமாகப் பரவும் காமாலை என்றால் சந்தேகிக்க வேண்டியது அசுத்த நீரால் வரும் ஏ, இ வகைகளை. சி வகை சாப்பாட்டாலோ தண்ணீராலோ ஒட்டாது. பிறர் ரத்தம் பட்ட ஊசி, சவரப் பிளேடு, பச்சை குத்தும் கருவி ஆகியவை முக்கிய வழிகள்.

திருப்பம் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை. அறிமுகமானபோது அமெரிக்காவில் 12 வாரச் சிகிச்சை 84,000 டாலராக இருந்தது. 2014-இல் அதன் உரிமையாளரான கிலியட் நிறுவனம் ஏழு இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் தந்தபின் விலை சரிந்தது. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் பரிசோதனையையும் மருந்தையும் அரசு மையங்களில் இலவசமாக்கியது. கல்லீரல் சுருக்கம் இல்லாதவர்களுக்கு சோஃபோஸ்புவிரும் டக்ளடாஸ்விரும் தினமும் ஒருவேளை, 12 வாரம். நூறில் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் குணமாகிறார்கள். கொடையாளருக்கு முடிவைச் சொல்வது அதன்பிறகே பயனுள்ள செய்தியாயிற்று.

இருந்தும் ஒரு சிக்கல் தொடர்கிறது. முகாமில் எடுத்த ரத்தத்தில் செய்யப்படுவது பெரும்பாலும் எதிர்ப்புப்பொருள் சோதனை. அதில் பாசிட்டிவ் என்றாலே நோய் இருப்பதாகாது, ஆர்.என்.ஏ. சோதனைதான் வைரஸ் உடலில் இருக்கிறதா என்று சொல்லும். குணமானவருக்கும் எதிர்ப்புப்பொருள் நீடிக்கும். இது தெரியாமல் வேலைக்கு முந்திய உடற்தகுதிச் சோதனையில் அதை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்கினால், அது மருத்துவப் பிழை. மாத்திரை முடிந்து இன்னும் 12 வாரம் கழித்து எடுக்கும் ஆர்.என்.ஏ. சோதனையே குணத்தை உறுதிசெய்யும். ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த ஒப்பந்தத் தொழிலாளி அதற்குள் வேறு மாநிலத்துக்கு மாறியிருக்கலாம். சிகிச்சைச் சீட்டு அவர் கையிலேயே இருந்தால்தான் அங்குள்ள மையம் கணக்கைத் தொடர முடியும்.