சாந்தியின் பதக்கமும் பாலினச் சோதனையின் வரலாறும்

திருநங்கையர் பெண்கள் பிரிவில் போட்டியிடலாமா என்று விளையாட்டு உலகம் விவாதிக்கிறது. நாம் அந்த விவாதத்தைப் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலிருந்து தொடங்குவோம்.

செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளான சாந்தி சௌந்தரராஜன், நம் தலித் சமூகத்தின் பெண். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் திருநங்கை அல்லர். பெண்ணாகவே வளர்ந்து, பெண்ணாகவே வாழ்பவர். அந்தரங்கமான மருத்துவச் செய்தி நாடெங்கும் தலைப்புச் செய்தியானது.

இந்தச் சோதனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1966இல் புடாபெஸ்ட் ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகளின் உடலை மருத்துவர்கள் பார்த்துச் சோதித்தார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை வந்தது. பெண் வேடமிட்டு வரும் ஆண்களைப் பிடிக்கவே இது என்றார்கள். சிக்கியதோ ஸ்பெயினின் மரியா பட்டினோ போன்ற பெண்கள். அவருக்கு XY குரோமோசோம்கள் இருந்தன. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் அவர் உடலில் வேலை செய்யவில்லை. 1985இல் தகுதியிழந்தவர், போராடி 1988இல் மீண்டார்.

1999இல் ஒலிம்பிக் குழு கட்டாயச் சோதனையைக் கைவிட்டது. ‘சந்தேகம் வந்தால் மட்டும்’ என்ற வழி மிஞ்சியது. சந்தேகம் யார்மேல் வந்தது? 2006இல் சாந்தி. 2009இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா. 2014இல் ஒடிசா நெசவாளர் வீட்டு மகள் துத்தி சந்த். துத்தி விளையாட்டு நடுவர் மன்றம் சென்றார். 2015இல் அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது.

2023இல் உலகத் தடகள அமைப்பு, ஆண் பருவ வளர்ச்சி கண்ட திருநங்கையரைப் பெண்கள் பிரிவிலிருந்து விலக்கியது. 2025 செப்டம்பர் முதல் பெண்கள் பிரிவில் உலகத் தரவரிசைப் போட்டிகளில் ஓடும் எல்லோருக்கும் எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனை. எல்லோருக்கும் பொது, ஆகவே நியாயம் என்கிறார்கள். 1968இலும் சோதனை எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது.

ஆண் பருவ வளர்ச்சி தசைக்கு வலுவூட்டுவது உண்மை. எதிரில் ஓடும் பெண்ணும் ஏழை வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். அவருடைய கேள்வியை நாம் தள்ளிவிட முடியாது. ஆனால் விதி எதுவானாலும் அது போட்டிக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். முடிவு ரகசியமாக இருக்க வேண்டும். முறையிட உரிமை வேண்டும், அதற்கான செலவை அமைப்பே ஏற்க வேண்டும்.

சாந்தி 2012இல் சூளையில் கல் அறுத்தார், பின்னர் பயிற்சியாளரானார். அந்த வெள்ளி மட்டும் இன்னும் திரும்பவில்லை. சான்றிதழ் காட்டி மனிதர் என்று நிரூபிக்கச் சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. அதனால்தான் இது நம் பிரச்சினையும்கூட.