புறநகர் யாருக்குப் புறம்?

'புறநகர்' என்கிற சொல் ஓர் இடத்தைக் குறிப்பதில்லை. ஓர் உறவைக் குறிக்கிறது. கதிர்காமத்தைப் புதுச்சேரியின் புறநகர் என்று சொல்கிறவர் முதலில் நகரத்தை நடுவில் வைத்துவிடுகிறார். ஊர் அப்புறம்தான் வருகிறது. இதில் வேடிக்கை, நடுவில் வைக்கப்பட்ட அந்த நகரத்தின் பெயரிலேயே 'சேரி' இருப்பதுதான்.

புதுச்சேரி வரலாறு என்று நமக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் கடலுக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவில் கிடக்கிற சில தெருக்களின் வரலாறு. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரித்ததைக் கண்டிக்கிற நம்முடைய முற்போக்காளர்களும் அந்த இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதாக ஒரு கோடு இருந்தது. நகரத்துக்கு வெளியே தள்ளி, சுற்றிலும் முள்வேலி வளர்த்து வைத்திருந்தார்கள் பிரெஞ்சுக்காரர்கள். சாலைகள் அதைக் கடக்கும் இடங்களில் காவல் அரண்கள். அவற்றில் ஒன்றின் பெயர் வழுதாவூர் அரண். கதிர்காமம் வழியாக இன்றைக்கும் போகிற வழுதாவூர் சாலைக்கும் அதே பெயர்தான். 1760இல் அயர் கூட்டின் ஆங்கிலப் படை ஒழுகரையில் பாளையம் இறங்கியது. லல்லியின் ஆட்கள் இரவில் தாக்கித் தோற்றார்கள். 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது, பிறகு இடிக்கப்பட்டது. இடிபட்ட மாளிகைகளுக்காக வருந்தும் நூல்களில், இரண்டு படைகளும் மாதக்கணக்கில் மிதித்த வயல்களைப் பற்றி ஒரு வரி கிடைத்தால் அதிசயம்.

அடுத்தது தண்ணீர். கதிர்காமத்தை ஒட்டிய முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் போனது. அதன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்ததுதான் ஆயி மண்டபம். புதுவை அரசின் சின்னமும் அதுவே. கதை எல்லோருக்கும் தெரியும். தாசி ஆயியின் மாளிகையைக் கோயில்னு நினைத்துக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்டுவிட்டார். உண்மை தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொன்னார். அவளே இடித்துவிட்டு அங்கே குளம் வெட்டினாள். இந்தக் கதையாடலில் தண்டிக்கப்பட்ட பெண் தியாகியாகிறாள், தண்ணீர் கொடையாகிறது. கொடை என்று ஆகிவிட்டால் உரிமை பேச முடியாது. அது எந்த ஊர் நீர், எடுத்ததற்கு அந்த ஊருக்கு என்ன கிடைத்தது என்கிற கேள்விகளுக்கு அந்த வெள்ளை மண்டபத்தில் இடமில்லை.

ஆட்சி மாறியபின் இந்த உறவு மாறியதா? ஒழுகரை 1880இல் பிரெஞ்சு ஆணைப்படி கொம்யூன் ஆனது. 1954இல் பிரெஞ்சு ஆட்சி போயிற்று. 1994இல் கதிர்காமத்தையும் உள்ளடக்கி ஒழுகரை நகராட்சி ஆனது. ஆனால் 1968இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு அடுத்த தேர்தல் 2006இல்தான் நடந்தது, 38 வருஷம் கழித்து! விளைநிலம் மனைகளாகப் பிளக்கப்பட்டதும், ஏரி வாய்க்கால் சாக்கடையானதும் இந்த இடைவெளியில்தான் வேகம் பிடித்தன. எந்தத் தெரு எங்கே போக வேண்டும் என்று தன் உறுப்பினரைக் கேட்க ஊருக்கு வழியில்லை. 2010இல் கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நல்லதுதான். டவுன்காரர்களே இப்போது வைத்தியத்துக்கு இங்கே வருகிறார்கள். ஆனாலும் இங்கிருப்பவர்கள் 'டவுனுக்குப் போயிட்டு வரேன்' என்றுதான் சொல்கிறார்கள். மையம் எங்கே என்பது பேச்சுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

'பிரெஞ்சு மரபு' என்ற பெயரில் கடலோர வீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசும் வேலை நடக்கட்டும். நமக்கு வேறு வேலை இருக்கிறது. தூர்ந்த கிணறுகள், பழைய பட்டாக்கள், நிலத்தை விற்றவர்கள், கூலிக்கு உழுது எதையும் விற்கக்கூட வழியில்லாதவர்கள் என்று கதிர்காமத்தின் வரலாற்றை இவர்களிடமிருந்துதான் எழுத வேண்டும். அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்கள் இப்போதே சிலபேர்தான்.