பல்லடத்துக் கறிக்கோழிக் கொட்டகைகள்

பல்லடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது. கிணற்றை நம்பிப் பருத்தியும் சோளமும் விளைந்த இவ்வட்டாரத்தில் நிலத்தடி நீர் இறங்க இறங்க, உழவர்கள் பலர் விசைத்தறிக்கும் கோழி வளர்ப்புக்கும் மாறினர். 1984இல் உடுமலைப்பேட்டையில் தொடங்கப்பட்ட சுகுணா நிறுவனம், 1990களின் தொடக்கத்தில் ஒப்பந்த முறைக் கறிக்கோழி வளர்ப்பைப் பரப்பியது. குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனம் தரும். கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு பண்ணையாளருடையவை. வளர்ந்த கோழியின் எடைக்கேற்ப அவருக்கு வளர்ப்புக் கூலி கிடைக்கும். பின்னாளில், பல்லடத்தில் இயங்கும் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலையே தமிழகச் சந்தைக்கு வழிகாட்டியானது.

இந்தக் கொட்டகை இயங்கும் விதத்தை இயற்பியல் கொண்டு விளக்கலாம். பொருள், ஆற்றல் இரண்டையும் சுற்றுப்புறத்தோடு பரிமாறிக்கொள்வதை இயற்பியல் ‘திறந்த அமைப்பு’ என்கிறது. ஆற்றல் மட்டும் எல்லை கடந்தால் அது மூடிய அமைப்பு. கோழிக் கொட்டகை முழுக்கத் திறந்த அமைப்பு. ஏறத்தாழ 40 நாளில் 2 கிலோ எடை எட்டும் கோழி, 3 கிலோவுக்கு மேல் மக்காச்சோள, சோயாத் தீவனம் தின்கிறது. அதைப்போல் சுமார் இரு மடங்கு தண்ணீர் குடிக்கிறது. உடலில் தங்கியது போக மீதியெல்லாம் எச்சமாக, நீராவியாக, கரியமில வாயுவாக, வெப்பமாக வெளியேறுகிறது.

இந்த வெளியேற்றத்துக்கு வழிவிடுவதே கொட்டகை கட்டும் கலை. காலை, மாலை வெயில் நீளப் பக்கங்களில் விழாதபடி கொட்டகை கிழக்கு மேற்காக நீள்கிறது. பக்கவாட்டில் கம்பி வலை. தரையில் ஈரம் உறிஞ்சும் தென்னை நார்த்துகள். அது நனைந்தே கிடந்தால் எச்சம் அழுகி அம்மோனியா கிளம்பும். முதல் வாரக் குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி வெப்பம் தேவை. அப்போது படுதாவை இறக்கி, விளக்கு போட்டு வெப்பத்தைத் தேக்குவார்கள். வளர்ந்தபின் அதே வெப்பம் எமனாகும். 41 டிகிரி உடல் வெப்பம் கொண்ட கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாய் திறந்து இரைத்து, நீரை ஆவியாக்கியே அது உடலைத் தணிக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் அதுவும் முடியாமல் செத்துவிழும்.

வெப்பத்துக்குத் தீர்வாக அண்மை ஆண்டுகளில் குளிரூட்டும் கொட்டகைகள் வந்துள்ளன. ஒரு முனையில் ஈர அட்டைகள் வழியே காற்றை இழுத்து, மறுமுனையில் பெரிய விசிறிகள் வெளியே தள்ளுகின்றன. ஆனால் மின்சாரம் நின்றால் சிறிது நேரத்திலேயே கோழிகள் மூச்சுத்திணறும், ஜெனரேட்டர் கட்டாயம்.

கோழிகள் லாரி ஏறியதும் நார்த்துகளோடு சேர்ந்த எரு வயலுக்குப் போகிறது. வேறு மாநிலங்களில் விளைந்த மக்காச்சோளத்தின் சத்தில் ஒரு பங்கு, இப்படிப் பல்லடத்து மண்ணில் சேர்கிறது.